கடலூரில் நான் படித்த மேல்நிலைப் பள்ளி: பழைய மாணவி ஒருத்தியின் மதிப்புரை

என் அக்கா மகன் வரும் ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். அக்காவின் குடும்பம் விழுப்புரத்திலிருந்து கடலூருக்கு மாறி வருவதால் அவனுக்குப் புதிய பள்ளி பார்க்க வேண்டியிருக்கிறது. "நீ படிச்ச ஸ்கூல்லயே சேர்த்துடலாமா?" என்று அக்கா கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 2010 ஜூன் முதல் 2014 மார்ச் வரை, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை நான்கு ஆண்டுகள் அங்கே படித்திருக்கிறேன். எனக்கு வாய்த்த ஆசிரியர்களிலேயே மிக நல்லவரும் அங்கேதான் இருந்தார். ஒரு பாடத்தின் மீதே வெறுப்பை உண்டாக்கியவரும் அங்கேதான் இருந்தார். அக்காவுக்குச் சொன்னதையும், சென்ற மாதம் அவருடன் பள்ளிக்குப் போய்ப் பார்த்ததையும் சேர்த்து, பள்ளி தேடும் மற்றப் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. நான் குறை சொல்லப்போகிறவர்களில் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அவர்கள் தரப்பைச் சொல்ல இங்கே அவர்களுக்கு இடமில்லை. கடலூர் நகரத்துக்குள் இருக்கும் தனியார் மேல்நிலைப் பள்ளி என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டடம், வசதிகள் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வகுப்பறைகள் காற்றோட்டமானவை. குடிநீர்க் குறை நான் படித்த காலத்திலும் இல்லை, இப்போதும் இல்லை. கழிப்பறைகள் முன்பைவிட நன்றாக இருக்கின்றன. மைதானம் பெரியது, ஆனால் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் பி.டி. பீரியடு என்பது கால அட்டவணையில் மட்டுமே இருந்தது, கணக்கு ஆசிரியரோ இயற்பியல் ஆசிரியரோ அதை வாங்கிக்கொள்வார்கள். கட்டண நிர்ணயக் குழு விதித்த கட்டணத்தை அலுவலக வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஸ்பெஷல் கிளாஸுக்கு என்று எங்களிடம் வாங்கிய பணத்துக்கு அந்நாளில் ரசீது கிடையாது. இப்போது ரசீது தருவதாகச் சொல்கிறார்கள். சேர்க்கும் பெற்றோர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு பள்ளியை நான் மதிப்பிடுவது இவற்றைக் கொண்டு அல்ல. வகுப்பில் ஒரு பிள்ளை தவறான விடை சொன்னால், அடுத்த ஒரு நிமிடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்ப்பேன். நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய இருபது ஆசிரியர்களிடம் படித்திருப்பேன். அவர்களில் யாரிடம் எதைக் கற்றேன் என்று இப்போது எண்ணிப் பார்த்தால், ஒவ்வொருவரையும் பற்றிய என் நினைவு அந்த ஒரு நிமிடத்தில்தான் போய் நிற்கிறது.

பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரிடமிருந்து தொடங்க வேண்டும். நாங்கள் பத்தாம் வகுப்புக்குப் போன 2011 ஜூன் மாதத்தில் எங்களிடம் பாடப்புத்தகமே இல்லை. சமச்சீர்க் கல்வியைப் பத்தாம் வகுப்புக்கு அந்த ஆண்டு நடைமுறைப்படுத்துவதா, நிறுத்திவைப்பதா என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே புத்தகங்கள் கைக்கு வந்தன. அதுவரை பல ஆசிரியர்கள் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைத் திருப்பிச் சொல்லியும் எங்களைச் சும்மா உட்காரவைத்தும் நாளை ஓட்டினார்கள். பொதுத்தேர்வு ஆண்டு என்ற பதற்றம் எல்லோருக்கும் இருந்தது. கணக்கு சார் மட்டும் பதறவில்லை. "புத்தகம் எப்ப வந்தாலும் அதுல முக்கோணம் இருக்கும், வட்டம் இருக்கும், அதை இப்பவே படிப்போம்" என்று சொல்லி, எங்களை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு தென்னை மரம் இருந்தது. பாகைமானியின் நடுவில் நூல் கட்டி, நூலின் நுனியில் சிறு கல்லைத் தொங்கவிட்டு, ஓர் அட்டைக் குழலை அதன் விளிம்பில் ஒட்டி, அவரே ஒரு கருவி செய்து கொண்டுவந்திருந்தார். குழல் வழியாக மரத்தின் குருத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து போக வேண்டும். நூல் 45 பாகையைக் காட்டும் இடத்தில் நின்றுவிட வேண்டும். என் தோழி நின்ற இடத்திலிருந்து மரத்தடி வரை நாடா வைத்து அளந்தோம், 10 மீட்டர் வந்தது. டான் 45 பாகையின் மதிப்பு 1 என்பதால் மரத்தின் உயரமும் 10 மீட்டர் என்று எல்லோரும் நோட்டில் எழுதிக் கொடுத்தோம். சார் நோட்டுகளைப் பார்த்துவிட்டு, "கணக்கு சரி, விடை தப்பு, ஏன்னு யோசிச்சுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். யாரும் யோசித்து வரவில்லை. அவரும் சொல்லவில்லை. புத்தகம் வந்தது, பாடம் வேகமெடுத்தது, தென்னை மரத்தை நாங்கள் மறந்துபோனோம்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. அந்தக் காலையைக் கடலூர்க்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, பண்ருட்டிப் பக்கம் ஒரு தலைமுறையின் உழைப்பு ஒரே நாளில் போயிற்று. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பள்ளி மறுபடி திறந்தபோது மைதானத்தில் அந்தத் தென்னை மரம் படுத்துக்கிடந்தது. முதல் நாள் பாதிப் பேர்தான் வந்திருந்தோம். கணக்கு சார் ஒவ்வொருவரிடமும் வீட்டில் என்ன சேதம், கூரை இருக்கிறதா, சாப்பிட்டாயா என்று விசாரித்து முடித்த பிறகு நாடாவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார். மரத்தை அடியிலிருந்து குருத்து வரை அளக்கச் சொன்னார். 11 மீட்டரும் 40 சென்டிமீட்டரும் இருந்தது.

"இந்த ஒண்ணேகால் மீட்டருக்கு மேல எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். அப்போதுதான் என் தோழி, தான் தரையில் படுத்துக்கொண்டு குழல் வழியாகப் பார்க்கவில்லை, நின்றுகொண்டு பார்த்தாள் என்பதை உணர்ந்தாள். தரையிலிருந்து அவள் கண் வரையுள்ள உயரத்தை நாங்கள் கூட்டவே இல்லை. விழுந்துகிடந்த மரத்தைச் சுற்றி நின்றுகொண்டு, ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு பிழையை நாங்களே கண்டுபிடித்த அந்த நேரத்தை என்னால் மறக்க முடியாது. அவர் ஜூலையிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நோட்டில் திருத்தி எழுதிவிட்டு மறந்திருப்போம். அந்த ஏப்ரல் பொதுத்தேர்வில் உயரமும் தூரமும் பகுதியில் எங்கள் வகுப்பில் தடுமாறியவர்கள் மிகக் குறைவு.

அதே ஜனவரியில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு அந்த ஆண்டு செய்முறைக்கென 25 மதிப்பெண் வந்திருந்தது. அதற்கான ரெக்கார்டு நோட்டுகள் புயல் மழையில் பலருடைய வீடுகளில் ஊறிப்போய்விட்டன. ஓர் ஆசிரியை, நோட்டு நனைந்துபோனது மாணவியின் அலட்சியம் என்று சொல்லி, புதிய நோட்டு வாங்கி முதலிலிருந்து எழுதி வந்தால்தான் கையெழுத்து என்றார். ஓடு பறந்த வீட்டில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், என் வகுப்புத் தோழி ஒருத்தி நான்கு இரவுகள் அதை எழுதினாள். பக்கத்துப் பிரிவில் இருந்த அறிவியல் ஆசிரியரோ நனைந்த நோட்டுகளை வாங்கி, வகுப்பின் பெஞ்சுகளின் மேல் விரித்துக் காயவைத்து, மை கரைந்த பக்கங்களை மட்டும் தனித்தாளில் எழுதி ஒட்டச் சொன்னார். இரண்டு பேருக்கும் விதி ஒன்றுதான், சம்பளமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கும். எந்தப் பிரிவில் பெயர் விழுகிறதோ அதைப் பொறுத்துப் பிள்ளையின் பள்ளிக்கூடமே வேறாகிவிடுகிறது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

தமிழய்யாவிடம் நாங்கள் யாப்பிலக்கணம் படித்தோம். அலகிடுதல் என்றால் பயப்படாத பிள்ளை இருக்க முடியாது. நேரும் நிரையும் தேமாவும் புளிமாவும் மனப்பாடமாக இருக்கும், ஆனால் ஒரு சீரைக் கொடுத்தால் எங்கே பிரிப்பது என்று தெரியாது. அவர் செய்யுளை எடுக்கும் முன்பு எங்களைத் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் கண்டக்டர் கூப்பிடுவதுபோல ஊர்ப்பெயர்களைக் கூப்பிடச் சொன்னார். பண்ருட்டி தேமாங்காய், நெய்வேலியும் தேமாங்காய், சிதம்பரம் கருவிளம், வேப்பூர் தேமா, நம் கடலூர் புளிமா என்று ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் ஏறின. கூவிளத்துக்கு ஓர் ஊர் வேண்டும் என்று கேட்டபோது வகுப்பே சற்று நேரம் தவித்தது. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன், சென்னை பஸ்ஸில் அடிக்கடி போய் வருபவன், "தாம்பரம் ஐயா" என்றான். அன்று முழுவதும் அவன் முகம் மலர்ந்திருந்தது.

நான் அன்று விருத்தாசலத்தைத் தப்பாகப் பிரித்தேன். எழுத்தைப் பார்த்துக்கொண்டே "வி, ருத், தா, சலம்" என்று நான்கு அசையாகச் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் தவறு என்று சொல்லிவிட்டு அடுத்தவளை எழுப்பியிருப்பார்கள். தமிழய்யா, "நீ பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடு பார்ப்போம், எழுத்தைப் பார்க்காதே" என்றார். நான் சத்தமாக "விருத் - தா - சலம்" என்று கூப்பிட்டேன், என் வாயே சரியாகப் பிரித்துவிட்டது. நிரை, நேர், நிரை, புளிமாங்கனி. தனிக்குறில் சொல்லின் முதலில் தனித்து நின்று அசையாகாது என்ற விதியை அதற்குப் பிறகே அவர் சொன்னார். நான் சொன்ன தவறுக்குள்ளேயே விதி இருந்தது என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்த ஆசிரியர் அவர். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடத்தில் இப்போது இருப்பவரைப் பற்றி நான் கேட்டறிந்த அளவில் நல்ல பெயர் இருக்கிறது.

வரலாற்று ஆசிரியை ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ஓராண்டு மட்டுமே வந்தார். கடலூரில் படிக்கும் பிள்ளைக்குக் கடலூரின் வரலாறு தெரிய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுந்த எல்லை வரையுள்ள ஊர்களும் கம்பெனிக்குச் சேரும் என்பது ஒப்பந்தம். அதைச் சொல்லிவிட்டு, குண்டு உப்பலவாடியிலிருந்து வரும் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, "உங்க ஊர்ப் பேருல இருக்கிற குண்டு அந்தக் குண்டுதான்" என்றார். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த பிறகு 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமே நம் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைதான் என்பதையும் அவரிடமே கேட்டேன். இவை எதுவும் தேர்வுக்கு வராது. அதனால்தானோ என்னவோ, அடுத்த ஆண்டு அவருக்குப் பத்தாம் வகுப்பு தரப்படவில்லை. கீழ் வகுப்புகளுக்கு மாற்றப்பட்டார். அவருடைய திறமையை நிர்வாகம் அறியாமல் போனதை இன்றும் ஒரு குறையாகவே சொல்வேன்.

வேதியியல் ஆசிரியையைப் பற்றி என் கருத்து மாறியிருக்கிறது. படிக்கும்போது அவரைக் கண்டால் எங்களுக்கு நடுக்கம். சிரிக்க மாட்டார், பாராட்ட மாட்டார், ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் ஆய்வகத்துக்குள் விட மாட்டார். பிளஸ் டூவில் பருமனறி பகுப்பாய்வு செய்துகொண்டிருந்த ஒரு நாள், பியூரெட்டில் பெர்மாங்கனேட்டை வேகமாகத் திறந்துவிட்டேன். கூம்புக் குடுவையில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து நிற்க வேண்டிய இடத்தில் அடர்ந்த நிறம் ஏறிவிட்டது. மறுபடி செய்ய நேரமில்லை என்ற பயத்தில், பக்கத்தில் இருந்தவளின் அளவீட்டைப் பார்த்து, இரண்டு முறை ஒத்துவந்ததுபோல எழுதிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் வேறுவேறு செறிவுள்ள கரைசல் தரப்பட்டிருந்தது என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை.

அவர் என் நோட்டைப் பார்த்தார், என் குடுவையைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். குரலை உயர்த்தாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, "தப்பு ரீடிங் எழுதினா நான் திருத்திக் கொடுப்பேன். பொய் ரீடிங்கை நான் என்ன பண்றது?" என்று கேட்டார். பிறகு மதிய உணவு வேளையில் ஆய்வகத்தைத் திறந்துவைத்து, பியூரெட்டின் குழாயை இடக்கையால் எப்படிப் பிடிப்பது, கடைசி ஒரு மில்லிலிட்டரை எப்படித் துளித்துளியாக விடுவது என்று என் பக்கத்தில் நின்று மூன்று முறை செய்ய வைத்தார். அவர் சாப்பிடவில்லை என்பது எனக்கு மாலையில்தான் தோன்றியது. குடிகாட்டிலிருந்து வந்த ஒரு மாணவன், சிப்காட் பக்கம் இரவில் முட்டை அழுகிய வாடை வருகிறது என்று ஒருமுறை சொன்னபோது, அதே வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடை ஆய்வகத்தில் உண்டாக்கி, லெட் அசிடேட் தாள் கறுப்பதைக் காட்டி, ஒரு வாடையை எப்படிச் சோதித்து அறிவது என்று விளக்கியவரும் அவர்தான். கடுமையாக இருப்பதும் கொடுமையாக இருப்பதும் வேறு என்பதை எனக்கு உணர்த்தியவர் என்பதால், பெற்றோர் யாராவது "அந்த டீச்சர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று சொன்னால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு நேர்மாறாக, எல்லோருக்கும் பிடித்த ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருந்தார். அன்பானவர், வகுப்பு முழுக்கக் கதை சொல்வார், யாரையும் ஒரு சொல் கடிந்ததில்லை. நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்திலும் கட்டுரையிலும் ஒரு பிழையைக்கூட அவர் வட்டமிட்டதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு டிக் விழும். கல்லூரியில் முதல் ஆய்வறிக்கை மை படிந்து திரும்பி வந்தபோதுதான், நான்கு ஆண்டுகளாக ஒரே பிழையை நான் எழுதி வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவரிடம் ஆங்கிலம் கற்றேன் என்று சொல்ல முடியாது.

இனி பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும். என் மதிப்பீட்டில் இந்தப் பள்ளி தோற்றது இங்கேதான். 2007-இல் பொறியியல் நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்ட பிறகு, பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்தது. கணிதத்தின் 200 மதிப்பெண்ணை 100 ஆகவும், இயற்பியல், வேதியியல் இரண்டையும் தலா 50 ஆகவும் குறைத்துக் கூட்டினால் வருவது கட்-ஆஃப். பிளஸ் ஒன் மதிப்பெண்ணுக்கு அதில் எந்த இடமும் இல்லை. எனவே எங்கள் பள்ளியும், இன்னும் பல தனியார் பள்ளிகளும் செய்ததுபோல, 2012 ஜூனில் பிளஸ் ஒன் வகுப்பின் முதல் வாரத்திலேயே பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்துவிட்டது. பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்கள். கடைசி வரை அதன் முதுகு மடங்கவில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளிலும் கணக்குக்கு வந்தவர் வேறொருவர். 1 மதிப்பெண் வினா 40, 6 மதிப்பெண் வினா 10, 10 மதிப்பெண் வினா 10 என்ற வினாத்தாள் அமைப்பு அவருக்கு விரல் நுனியில் இருந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வரும் என்ற ப்ளூ பிரிண்டை வைத்தே பாடம் நடத்தினார். சென்டம் வாங்கவைப்பதில் அவரைப்போல இன்னொருவர் இல்லை என்று ஊரே சொல்லும், அதில் பொய்யும் இல்லை. ஒரு ரிவிஷன் டெஸ்டில், பூஜ்யம் முதல் பை-யின் பாதி வரை சைன் வர்க்கத்தைத் தொகையிடும் கணக்கு வந்தது. தென்னை மரத்தை அளந்த அதே தோழி, அதை மனப்பாடச் சூத்திரத்தில் போடவில்லை. சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் சேர்ந்தால் 1, அந்த எல்லைக்குள் இரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று திருப்பிப்போட்ட வடிவங்கள், ஆகவே இரண்டின் பரப்பும் சமம், மொத்தப் பரப்பு பை-யின் பாதி, நம்முடையது அதில் பாதி, எனவே பை-யின் கால் பங்கு என்று படம் வரைந்து நான்கு வரியில் முடித்திருந்தாள். விடை சரி. விளக்கமும் சரி. அவர் குறுக்கே கோடு போட்டுப் பூஜ்யம் கொடுத்தார். "கீ-யில இல்லாததை எழுதாதே, திருத்துறவங்களுக்கு யோசிக்க நேரம் கிடையாது" என்றார். பத்தாம் வகுப்பில் தவறான விடைக்குக்கூட ஆறு மாதம் இடம் கொடுத்த அதே பள்ளியில், பிளஸ் டூவில் சரியான விடைக்கு இடமில்லாமல் போயிற்று.

இயற்பியல் ஆசிரியரைப் பற்றி எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் தேர்வுத்தாள்களை அதிக மதிப்பெண்ணிலிருந்து குறைந்த மதிப்பெண்ணுக்கு வரிசையாக அடுக்கி, உரக்கப் படித்துக் கொடுப்பார். பாதிக்குக் கீழே போனதும் கையில் தர மாட்டார், தரையில் போடுவார். குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தேவனாம்பட்டினத்து மீனவர் குடும்பத்திலிருந்து வந்த ஒரு பெண், மின்னழுத்த வேறுபாடு பாடத்தின்போது எழுந்து "புரியல சார்" என்றாள். "மீன் கூடை தூக்கறதுக்கு இது எதுக்குப் புரியணும்?" என்று அவர் கேட்டார். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எழுந்து எதுவும் சொல்லவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு சேர்த்து மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான அந்தச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருந்தது. அதன் பிறகு எங்கள் பள்ளியில் எல்லா வகுப்பிலும் பிரம்பு நின்றுபோனது உண்மை. சொல்லால் அடிப்பதை யாரும் தண்டனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தப் பெண் அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் எழுந்து கேட்டதில்லை. பிளஸ் ஒன் முடிவில் அவளுடைய பெற்றோரை அழைத்து, நூறு சதவீதத் தேர்ச்சி கெட்டுவிடும் என்று சொல்லி டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் ஓர் அரசுப் பள்ளியில் வேறு பிரிவில் மறுபடி பிளஸ் ஒன் சேர்ந்து, ஓராண்டு தாமதமாகத் தேறினாள். பள்ளி வாசலில் அந்த ஆண்டு கட்டிய பேனரில் "நூறு சதவீதம்" என்று இருந்தது. அந்த எண்ணைப் பார்க்கும் பெற்றோர், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், பிளஸ் டூ எழுதியவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் கேட்க வேண்டும்.

நான் நல்ல கட்-ஆஃப் வாங்கினேன், கவுன்சலிங்கில் நினைத்த பிரிவு கிடைத்தது. முதல் செமஸ்டரில் பொறியியல் இயக்கவியல் வகுப்பில் உட்கார்ந்தபோது, திருப்புத்திறன் என்ற சொல்லையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவளைப்போல விழித்தேன். எல்லை, வகையிடலின் தொடக்கம், இயக்க விதிகள், ஈர்ப்பு, சுழல் இயக்கம், வெப்பம் எல்லாம் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருந்தவை. அந்த முதுகு மடங்காத புத்தகத்தை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி, விடுதியில் இரவில் உட்கார்ந்து நானே படித்தேன். என்னோடு வந்த இருவர் அந்தப் பருவத்தில் மூன்று பேப்பர் அரியர் வைத்தார்கள். அவர்களும் பிளஸ் டூவில் இயற்பியல் சென்டம்.

வீட்டில் மாலை டியூஷன் வைத்து, வகுப்பில் பாதியும் டியூஷனில் மீதியும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் ஒருவரும் இருந்தார். இப்போது பள்ளி நிர்வாகம் அதைத் தடுத்திருப்பதாகப் பலரும் சொன்னார்கள். அது உண்மையானால் நல்ல மாற்றம்.

பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்கும் வழக்கத்தைத் தடுப்பதற்காகத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 மதிப்பெண்ணும் 600 ஆனது. அதற்குப் பிறகு படித்த பிள்ளைகளிடம் விசாரித்தபோது, அந்த ஆண்டுகளில் பிளஸ் ஒன் பாடங்களை ஒழுங்காக நடத்தினார்கள் என்றே சொன்னார்கள். இப்போது 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி அந்தப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் சுமை குறையும் என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. பழைய வழக்கம் திரும்புமோ என்ற கவலையும் எனக்கு இருக்கிறது, அந்தக் கேள்வியோடுதான் அக்காவுடன் பள்ளிக்குப் போனேன்.

அலுவலகத்தில் மரியாதையாகப் பேசினார்கள். காத்திருந்த நேரத்தில், தாழ்வாரத்தில் ஒன்பதாம் வகுப்பு ஒன்றின் சன்னல் ஓரமாக நின்று கேட்டோம். இளவயது ஆசிரியை ஒருவர் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். ஒரு பையன் கரும்பலகையில் ஏதோ தவறாகப் போட்டுவிட்டான் போலிருக்கிறது. வகுப்பில் சலசலப்பு எழுந்தது. "யாரும் சொல்லாதீங்க, அவனே பார்க்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டு, சாக்பீஸை அவன் கையிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு தெரிந்தது, அவர் தென்னை மரம் அளந்த எங்கள் கணக்கு சாரிடம் படித்தவராம், எனக்கு இரண்டு ஆண்டு இளையவர்.

பிளஸ் ஒன் வகுப்புக்கு அந்த ஆண்டு முழுவதும் பிளஸ் ஒன் பாடம் நடக்குமா என்று அலுவலகத்தில் கேட்டோம். "அதெல்லாம் அப்ப இருக்கிற நிலைமையைப் பொறுத்து மேடம்" என்று பதில் வந்தது. இப்போது பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை ஒருவருடைய இயற்பியல் நோட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டோம். அதற்கு அனுமதி இல்லை என்றார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் இந்தப் பள்ளியை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். பிளஸ் ஒன்னுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அக்கா ஒன்பதாம் வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில், மஞ்சக்குப்பத்தில் இறங்கி, அங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளியின் வாசலில் நின்று, பிளஸ் ஒன் இயற்பியலுக்கு யார் வருகிறார் என்று காவலரிடம் விசாரித்துவிட்டு வந்தோம்.